எந்த அண்ணன்?

பதினாறு வயது சரிதாவை எங்கள் பிள்ளைப்பாக்கம் விடுதியில் சமையல் வேலைக்கு விட்டுவிட்டு ஏஜென்ட் கம்பி நீட்டிவிட்டான். நேபாளத்துப் பெண். இங்கே அவளுக்கென்று யாருமில்லை. வயது தெரிந்த அன்றே, விடுதி வார்டனான நான் அவளைக் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

"யார் கூட வந்தே?" என்று அவளிடம் கேட்டார் அதிகாரி.

"அண்ணா கூட."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ இது தனியா வந்த பொண்ணு இல்ல மெர்சிம்மா. அண்ணன்கிட்டயே ஒப்படைச்சிடுங்க. எங்க பாதுகாப்புல வராது."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "எந்த அண்ணன்னு கேளுங்க சார்."

கேட்டார். ரயிலில் கூட்டிவந்த ஏஜென்ட் அண்ணா, ஷேர் ஆட்டோ அண்ணா, டீக்கடை அண்ணா, செக்யூரிட்டி அண்ணா என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள்.

"உங்கப்பாவுக்கு இத்தினி புள்ளைங்களா?" என்று மலைத்துப்போனார் அதிகாரி.

"இந்த ஊர் ஆம்பளைங்களக் கூப்பிட அவளுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான் சார்."

"அதெல்லாம் முடியாதும்மா. வாயால அண்ணன்னு சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான்." அவள் ஃபைலை மூடிவிட்டார்.

சரிதா தேம்பி அழ ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அழாத தங்கச்சி, அழாத."

நான் ஃபைலைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன்.

"வாயால சொல்லிட்டீங்க இல்ல? பொறுப்பேத்துக்கினு கையெழுத்துப் போடுங்க, அண்ணா."