சைக்கிளுக்குக் கார் ஹாரன்

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. ஹாரன் அடித்த பதினேழு இடங்களில் பதினான்கு பேர் ஒதுங்கினார்கள் என்று எழுதியிருந்தேன். பதின்மூன்று என்பதே சரி. குட்டைக்கரை அருகே ஸ்கூட்டியை ஓரம் கட்டிய பெண் எனக்காக ஒதுங்கவில்லை. அவருக்குப் போன் வந்திருந்தது. அவரைத் தாண்டும்போது அதைப் பார்த்தேன். பார்த்தும் சேர்த்துவிட்டேன். ஹாரன் வேலை செய்கிறது என்று காட்டும் அவசரம். இனி சந்தேகமானவர்களைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்துவிட்டது. இது புதியது என்பதால் ஆரம்பத்தை ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

பகலில் அம்மாவோடு மல்லாட்டைக் கழனியில் கடலைச் செடிக்குக் களை எடுக்கிறேன். மாலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு. எங்கள் காலனியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ் நாலேகாலுக்குப் போய்விடும், அடுத்தது ஏழு மணிக்கு. அதனால் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் போகிறேன். பிப்ரவரி கடைசியில் விழுப்புரத்தில் தேர்வு.

டிசம்பரில் ஒரு கரும்பு டிராக்டர் ஊர்த் தெரு வளைவில் பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. மணி அடித்தேன். டிரைவர் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு ஹாண்டில்பாரில் மாட்டியது. வாய்க்காலில் விழுந்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது. பன்னிரண்டு நாள் டைப் அடிக்க முடியவில்லை. அம்மா மருந்து போட்டுக்கொண்டே சொன்னது: “இன்னொரு தபா உழுந்து வந்தின்னா கிளாஸு கட்டு. ஒனக்குக் கை முக்கியமா, மிஷினு முக்கியமா?” கை இல்லாமல் மிஷின் அடிக்க முடியாது என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் அந்தோணி பிரபு விழுப்புரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை செய்கிறான். பழைய கார் ஹாரன் ஒன்றும், யாரோ திருப்பிக் கொடுத்த யு.பி.எஸ். பேட்டரி ஒன்றும் கொண்டுவந்தான். பேட்டரி முன்கூடையில் உட்கார்ந்தது. சுவிட்சை ஹாண்டில்பாரில் டேப் போட்டு ஒட்டினான். முதல்முறை அழுத்திப் பார்த்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் மாதாகோவில் வரைக்கும் ஓடின.

விழுந்த பிறகு, எங்கே எதற்காக அடித்தேன், யார் ஒதுங்கினார்கள் என்று தினமும் நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். மணி அடித்த வாரத்தில் பத்துக்கு மூன்று பேர் ஒதுங்கினார்கள். ஹாரன் வந்த பிறகு பத்துக்கு ஏழு, எட்டு. ஆனால் ஒதுங்கியவர்கள் திரும்பிப் பார்த்துக் காரைத் தேடுகிறார்கள். கார் இல்லை. நான் இருக்கிறேன். உடனே முகம் மாறிவிடுகிறது. கையில் இருந்ததை நான் ஏமாற்றி வாங்கிக்கொண்டது போலப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், “கார் எங்கம்மா? பின்னாடி வருதா?” என்று கேட்டார். “முன்னாடியே போயிட்டுதுண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 22, வியாழன்

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. தெருவின் நடுவே ஒரு வளைவு. வளைவை ஒட்டி விருத்தாசலத்தின் களம் இருக்கிறது. அவர் கரும்பு வெட்டு கான்ட்ராக்ட் எடுப்பவர். மூன்று டிராக்டர் வைத்திருக்கிறார். களத்துக்கு எதிரே டீக்கடை.

வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த விருத்தாசலம் சட்டென்று எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். ரோட்டில் நிறுத்தியிருந்த பைக்கை அவரே தள்ளி ஓரமாக வைத்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு எதுவும் புரியவில்லை. வகுப்பில் கலைப்பிரியா சொல்லித்தான் புரிந்தது. அவள் வீடு அதே தெருவில் இருக்கிறது. அவளை அவள் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். மாடியில் துணி எடுக்கப் போனவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“ஏரி மண்ணு அள்ளுறாங்கன்னு தாசில்தார் ஜீப்பு ரெண்டு நாளா சுத்திக்கினு இருக்குதாம்டி. ஜீப்புன்னு நெனச்சி வேட்டிய எறக்கி உட்டுட்டாரு! பார்த்தா நீ! கூடையில பேட்டரிய வெச்சிக்கினு!”

சிரிப்பில் அவள் ‘அ’ எழுத்தையே மாற்றி அடித்தாள். டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் வேட்டியை இறக்கிவிட்டுப் போக வேண்டியவர்கள் யாராக இருந்தார்கள் என்பது எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாத்தா காலத்து விஷயம்தான். அந்தத் தெரு அதை மறக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

அவர் வளைவில் காத்திருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார்.

“லூர்து மேரி பொண்ணுதான நீ?”

“ஆமாங்க.”

“இன்னா ஹாரன் இது?”

“கார் ஹாரனுங்க.”

“காரு எங்க?”

டீக்கடையில் யாரோ செருமினார்கள்.

“தெரு பூரா பேஜாரா இருக்குது. சைக்கிளுக்குத்தான் மணி குடுத்துக்கிறானே, அத அடி.”

“மணி அடிச்சா யாரும் ஒதுங்கறதில்லீங்க.”

“ஒதுங்கலன்னா நீ ஒதுங்கு. இல்லன்னா ஒண்ணு செய். தெருமுனைல எறங்கு. தள்ளிக்கினே போ. அந்தாண்ட போயி ஏறிக்கோ. ஒனக்கும் சேப்டி, எங்களுக்கும் நிம்மதி.”

இறங்கினேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இறங்கினேன் என்பது உண்மை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவின் கடைசி வரை நடந்தேன். நூற்று அறுபது தப்படி. எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒரு பாட்டி முறத்தைப் புடைத்துக்கொண்டே பார்த்தாள். வகுப்புக்கு ஒன்பது நிமிடம் தாமதம். அடித்த ஒரே பக்கத்தில் பதினோரு பிழை.

ஜனவரி 25, ஞாயிறு

சனி, ஞாயிறு வகுப்பு இல்லை. பூசை முடிந்து வந்ததும் வீட்டில் இதுதான் பேச்சு.

அம்மா சொன்னாள்: “எறங்கினா கொறஞ்சா போயிடுவ? எண்ணி அஞ்சு நிமிசம். இந்த வாரம் அவரு கழனிக்குத்தான் களைக்குக் கூப்புடுறாங்க.”

“ஒரு நாளுன்னா சரிம்மா. தெனமுமா?”

அண்ணன் ஸ்பானரைத் தேடினான். “கழட்டிடலாம் வுடு. நான் மாட்டினதுதான தப்பு. வேற எதனா யோசிக்கலாம்.”

“கழட்டிட்டு உழுந்து வந்தா?”

அம்மா யோசிக்கவே இல்லை. “அப்ப கிளாஸு கட்டு.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கிளாஸத்தான கட் பண்றீங்க?”

அண்ணன் ஸ்பானரை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. வியாழக்கிழமை அந்த வளைவில் ஹாரன் அடிக்க உண்மையிலேயே அவசியம் இருந்ததா? சத்தம் எனக்குப் பழகிவிட்டு, சும்மா அடித்தேனா? அப்படியென்றால் அவர் கோபத்தில் கால்வாசியாவது நியாயம். பழைய நோட்டையும் இதையும் எடுத்துப் பார்த்தேன். வியாழன், 5.22, வளைவு. காரணம் எழுதும் கட்டத்தில்: “களத்திலிருந்து டிராக்டர் ரிவர்ஸ். பின்னால் ஆள் இல்லை. பாட்டு.” திரும்பத் திரும்பப் படித்தேன். இருபது நாளில் அந்த வளைவில் மட்டும் எட்டு முறை இதையே எழுதியிருக்கிறேன். டிசம்பரில் நான் விழுந்த இடமும் அதுதான். டிராக்டரும் அவருடையதுதான். இதை இதுவரை ஒரே வரியில் சேர்த்து எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. பயம்தான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். வகுப்பு இல்லை. பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிராம சபை. அம்மாவும் நானும் போனோம். நூறு நாள் வேலை பற்றிப் பேசுவார்கள் என்று அம்மா வந்தாள்.

ஊராட்சித் தலைவர் ஜெயம் நடத்தினார். செயலர் கோகுலகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதினார். குடிநீர்த் தொட்டி பற்றிய பேச்சு முடிந்தது, தெருவிளக்கும் முடிந்தது. விருத்தாசலம் எழுந்தார். வேட்டி இறங்கித்தான் இருந்தது.

“தலைவரம்மா, ஒரு பொதுப் பிரச்சன. சைக்கிளுக்கெல்லாம் கார் ஹாரன் மாட்டிக்கினு வருதுங்க. கொழந்த குட்டிங்க பயந்து போவுது. ஒலி மாசு. அதத் தடை பண்ணணும்னு தீர்மானம் போடணும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்ப ஒங்க டிராக்டர்ல வர்ற குத்துப்பாட்டு இன்னா மாமா, ஊதுபத்தியா?”

பந்தல் சிரித்தது. செயலர் சிரிக்காமல் பேனாவைத் தட்டினார். “‘மிதிவண்டிகளில் அதிக ஒலி எழுப்பும் ஹாரன் பொருத்துவதைத் தடை செய்ய’... எழுதிக்கலாங்களா?”

எழுந்து நின்றேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். பழைய தேதிகளை ராத்திரி எடுத்தெழுதியிருந்த நோட்டைத் திறந்தேன். எழுத்து கண்ணுக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆனது.

“நான்தாங்க அந்த சைக்கிளு. அந்த வளைவுல இருவது நாளுல எட்டு தபா டிராக்டரு ரிவர்சுல வந்துக்குது. ஒரு தபாகூட பின்னாடி ஆளு இல்ல. தேதி, நேரம் எல்லாம் இருக்குது, படிக்கறேன்.”

எட்டையும் படித்தேன். டிசம்பரில் விழுந்ததையும் சேர்த்து ஒன்பது. நாலாவது தேதியைப் படிக்கும்போது பேச்சு அடங்கிவிட்டது.

விருத்தாசலம் கையை வீசினார். “தே, நோட்டுல ஆயிரம் எழுதலாம். இதெல்லாம் ஒரு சாட்சியா?”

“சரிங்க. வெள்ளிக்கெழம நீங்க சொன்னதையாவது எழுதச் சொல்லுங்க.”

“நான் இன்னா சொன்னேன்?”

“தெருமுனைல எறங்கித் தள்ளிக்கினு போவணும், அந்தாண்ட போயி ஏறிக்கணும்னீங்க. தீர்மானமா போட்டுடலாங்க. ஆனா எல்லாரும் எறங்கணுமா, காலனிக்காரங்க மட்டும் எறங்கணுமா? அதத் தெளிவா சொல்லிடுங்க. சாரு எழுதிக்கட்டும்.”

செயலரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அவர் விருத்தாசலத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“நான் அப்பிடி இன்னா... அப்பிடில்லாம் சொல்லல. பொதுவா, தெரு குறுகலு, பார்த்துப் போன்னு...”

“பொதுவான்னா ஒங்க பைக்கையும் எறங்கித் தள்ளுவீங்களா?”

பின்வரிசைக் குரல் மறுபடி வந்தது. “அவரு வேட்டிய மட்டுந்தான் எறக்குவாரு!”

இந்த முறை ஊர்த் தெருக்காரர்களே சிரித்தார்கள். தலைவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, “அடுத்த பொருளுக்குப் போப்பா” என்றார். செயலர் எழுதியிருந்த அரை வரியைக் குறுக்கே அடித்தார். டிராக்டருக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள் என்று கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார்கள். அது எழுதப்படவில்லை. அது என் தவறு. முதலில் அதைக் கேட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பேசியிருக்க வேண்டும்.

கலைப்பிரியா மூன்றாவது வரிசையில் இருந்தாள். மாடியிலிருந்து அந்த டிராக்டரையும் அவள் பார்த்தவள்தான். தலையைத் தூக்கவே இல்லை. அவள் அந்தத் தெருவில் இருக்க வேண்டும், எனக்குப் புரிகிறது. கோபமும் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது என்றே எழுதி வைக்கிறேன்.

பந்தலை விட்டு வெளியே வரும்போது விருத்தாசலம் வாசல் பக்கம் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“பேப்பர்ல இல்லன்னா போவுது. தெரு எங்க தெருதான். நாளைக்கு வளைவுல ரெண்டு டிராக்டரு நிக்கும். எப்பிடிப் போறன்னு பாக்கறேன்.”

“ஹாரன் அடிச்சிக்கினேதாங்க போவேன்.”

“அடிச்சிப் பாரு.”

“அடிக்கத்தாங்க போறேன். அஞ்சு இருவதுக்கு வருவேன். நீங்களும் வந்து நில்லுங்க.”

இதைச் சொன்னது நான்தான் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. ஆனால் சொல்லி முடித்தேன்.

அம்மா வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். நாளையிலிருந்து அவர் கழனியில் யாரும் கூப்பிட மாட்டார்கள், எனக்கு வாய் நீளம், என்னைப் படிக்க வைத்ததே தப்பு, எல்லாம். வீட்டுக்கு வந்ததும் குடத்தை எடுத்துப் போய்க் குழாயடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

“அந்தப் பேட்டரி சார்ஜு எவ்ளோ நேரம் நிக்கும்?”

“தொடர்ந்து அடிச்சா எவ்ளோன்னு தெரியலம்மா. அளந்து பாக்கல.”

“அத மொதல்ல பாரு” என்றாள்.

நான் செய்தது சரியா என்று முழுதாகத் தெரியவில்லை. அம்மாவின் வேலை போனால் அதற்கு நான்தான் காரணம். ஆனால் அந்த நூற்று அறுபது தப்படியை இன்னொருமுறை நடந்தால், பிப்ரவரி வரை தினமும் நடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும்தான்.

நாளை, செவ்வாய்: விடிந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். 5.10-க்குக் கிளம்ப வேண்டும். வளைவுக்கு இருபதடி முன்பே ஹாரன் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். டிராக்டர் குறுக்கே நின்றால், வழி விடும்வரை விட்டு விட்டு அடிக்க வேண்டும். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். சீட்டை விட்டு இறங்கக் கூடாது.