டேக் கிழிக்காத மஞ்சள்

திங்கட்கிழமை காலையில் முதலில் கைக்கு வந்ததே மஞ்சள் குர்த்தாதான். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உதறி, அக்குள் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனேன். இதுதான் என் வேலை. பொம்மனஹள்ளி தாண்டி ஓசூர் ரோட்டில், ஆன்லைனில் துணி விற்கிற ஒரு கம்பெனியின் குடோன். வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற துணியெல்லாம் இங்கேதான் வந்து விழும். எட்டு மேசை, எட்டுப் பெண்கள். டேக் இருக்கிறதா, கழுத்தில் பவுடர் தடம் இருக்கிறதா, அக்குளில் வாடை அடிக்கிறதா என்று பார்த்து, நல்லதை நீலக் கூடையிலும் கெட்டதைச் சிவப்புக் கூடையிலும் போட வேண்டும். பெங்களூரில் பாதிப் பேரின் அக்குளை மோந்து பார்த்துப் பிழைக்கிறவள் என்று என்னை நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். அன்றைய குர்த்தாவில் செண்ட் வாசனை, மல்லிகை, அடியில் லேசாகப் பிரியாணி. டேகைக் கழுத்துக்குள் மடித்துவிட்டு ஒரு கல்யாணம் பார்த்திருக்கிறாள் யாரோ ஒருத்தி. சிவப்பில் போட்டேன்.

சிவப்புக் கூடை பின்கட்டுக்குப் போகும். அங்கே இரண்டு பேர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பார்கள். கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே வெட்டு. வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு ஒன்று கொண்டுபோகலாமா என்று கேட்டால் வேலை போய்விடும், கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே, ஒருமுறை கசக்கினால் போய்விடுகிற வாடைக்காகப் புதுத்துணியை வெட்டிப் போடச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள். போன வருஷம் ஆள் குறைவென்று என்னை ஒரு மாதம் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். கட்டைவிரல் மூட்டு வீங்கிப் போனது. வலிகூடப் பரவாயில்லை. வெட்டும்போது நூல் நறநறவென்று அறுகிற சத்தம் தூக்கத்திலும் கேட்க ஆரம்பித்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். ஊரைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் அதில் ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தது. ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் என்றால் நானும் விடுகிறவள் இல்லை. சிலவற்றைக் கட்டியதாக நினைவே இல்லை. மூன்று புடவை, மூன்று சுடிதார் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ஆறு உடுப்பை மட்டும்தான் ஒரு வருஷம் உடுத்துவது, புதிதாக ஒன்றும் எடுப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதனால் குடோனுக்கு வருகிற லாரியில் ஒன்றுகூடக் குறையவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நானும் ஒரு கை கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. பக்கத்து மேசை ஜோசஃபின் விடுவாளா. "பச்ச சுடிதார் வந்துடுச்சு, அப்போ இன்னிக்கு செவ்வாக்கெழம. நம்ம குடோனுக்கு காலண்டரே வேணாம்" என்பாள். நானும் சிரிப்பேன். வீட்டில் என் கணவர் ராமலிங்கம் துணி காயப்போடுகிற கொடியைப் பார்த்து, "இடம் நெறய கீதே" என்றதோடு சரி.

வம்பு என் தங்கை விஜியிடமிருந்து வந்தது. அவள் மகள் பார்கவிக்குக் கல்யாணம். தங்கை மகள் என்று சொன்னேனே தவிர, அவளை வளர்த்தது நான். விஜி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு இரண்டு ஷிப்ட் பார்த்த காலத்தில், கைக்குழந்தையாக வந்தவள் ஐந்தாம் வகுப்பு முடிகிற வரை என் வீட்டில்தான் இருந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. அவள் தலையில் நான் எடுக்காத பேன் இல்லை. நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் நலங்கு வைக்கும்போது பெண்ணுக்கு முதல் மஞ்சள் பூசுவது பெரியம்மா. அம்மாகூட அப்புறம்தான். நலங்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் இருப்பதில் பழைய துணியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மஞ்சள் பட்டால் போகாது, எப்படியும் ஒருவர் மேல் ஒருவர் அப்பிக்கொள்ளத்தான் போகிறோம். விஜியின் கல்யாணத்தில் எங்கள் அத்தை ஒருத்தி கிழிந்த புடவையில் வந்து ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாட்ஸ்அப் குரூப்பில் விஜி ஒரு பட்டியல் போட்டாள். ஹல்தி என்று இப்போது சொல்கிற நலங்குக்கு மஞ்சள், மெஹந்திக்குப் பச்சை, ரிசப்ஷனுக்கு ரோஸ். ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கள் கம்பெனி லிங்க். நான் போன் போட்டேன்.

"எனக்கு எதுக்குடி லிங்க்கு? நலங்குக்குப் பழசுதான கட்டுவோம்."

"அது அப்போக்கா. இப்போ போட்டோல எல்லாரும் ஒரே கலர்ல இருக்கணும். மாப்ள வூட்டுல எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க."

"இந்த வருஷம் நான் புதுசு எடுக்கறதில்லன்னு உனக்குத் தெரியும்."

"யாரு உன்ன எடுக்கச் சொன்னா? ஆர்டர் போடு, கட்டு, ரிட்டர்ன் பண்ணிடு. நாங்க முப்பது பேரும் அப்டித்தான் பண்ணப் போறோம். டேக்க மட்டும் கிழிக்காத." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உன் டேபிளுக்குத்தானக்கா வரப் போவுது. பாத்து உள்ள தள்ளிவுடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருஷமாக நான் செய்கிற வேலை அவளுக்கு இவ்வளவுதான். முப்பது பேரின் வேர்வையை மோந்து பார்த்துவிட்டு வாடையில்லை என்று நான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதை இன்னொருத்தி புதுசென்று நம்பி வாங்கிக் கட்ட வேண்டும். மாட்டிக்கொண்டால் போகிற வேலை என்னுடையது. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். விஜி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வராதன்னு சொல்லலக்கா. மஞ்ச கட்டாம வந்தா ஸ்டேஜ் மேல மட்டும் ஏறாத. ஆல்பம் கெட்டுடும்."

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள்தானே, கட்டித் தொலையேன் என்றாள் ஜோசஃபின். ஒரு நாள் கூத்துக்கு மீசையை எடுக்கச் சொல்கிறாயா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது எனக்கே சந்தேகம் வந்தது. இந்த ஆறு உடுப்பு எனக்கு ஒரு பெருமையாகிப் போய்விட்டதோ, ஒரு குர்த்தாவுக்காக வளர்த்த பெண்ணின் நலங்கை விடுவேனோ என்று. ஆர்டர் பட்டன் வரை விரலைக் கொண்டுபோனேன். அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண் போட்டிருந்தது திங்கட்கிழமை நான் சிவப்பில் போட்ட அதே குர்த்தா, அதே மஞ்சள், அதே கழுத்து. போனை அணைத்துப் பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மினி ஹாலில் ஹல்தி. ஆறில் இருப்பதிலேயே பழசான காவிநிறக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கிழங்கு மஞ்சளை நானே கல்லில் இழைத்து, கொஞ்சம் சந்தனம் சேர்த்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டேன். ஹாலுக்குள் நுழைந்தால் கண் கூசுகிறது. திரை மஞ்சள், பலூன் மஞ்சள், பிளாஸ்டிக் சாமந்தி மஞ்சள், நடுவே முப்பது பெண்கள் மஞ்சளில். பழக்கதோஷத்தில் ஒவ்வொருத்தி பிடரியையும் பார்த்தேன். எல்லாக் கழுத்திலும் அட்டை முனை துருத்திக்கொண்டிருந்தது. வேர்த்துவிடுமென்று கையைத் தூக்காமல், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தார்கள். மேடையில் பூ ஊஞ்சல் மாதிரி ஒரு ஜோடனை, அதில் பார்கவி, வாடகை லெஹங்காவில். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். மேக்கப் போடுகிற பெண் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

காதில் மைக் மாட்டிய ஒரு பெண் என்னிடம் வந்து, கொஞ்சம் ஓரமாக வரும்படி கன்னடம் கலந்து சொன்னாள். "ஆன்ட்டி, ஸ்வல்ப சைடுக்கு பன்னி. ஃபிரேம்ல கலர் மேட்ச் ஆகல." கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு தட்டிலிருந்து சாமந்தி இதழை எடுத்துப் பார்கவியின் கன்னத்துக்கு அருகில், படாமல் பிடித்தார்கள். கேமராக்காரர் சரி என்றதும் இதழைத் தட்டிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். விஜி அந்தப் பக்கம் வந்தபோது கேட்டேன்.

"மஞ்ச எங்கடி?"

"இன்னாக்கா கேக்கற. மேக்கப் கலஞ்சிடும். இவங்க துணில ஒரு சொட்டு பட்டா ரிட்டர்ன் எடுத்துக்குவானா? உனக்குத் தெரியாததா."

மஞ்சளே இல்லாத நலங்குக்கு, மஞ்சள் உடுத்தவில்லை என்று என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சண்டை போடலாமென்றால் யாரிடம் போடுவது. எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மைக்கில் கூப்பிட்டார்கள். "பெண் வீட்டுப் பெரியம்மா, ஸ்டேஜுக்கு வாங்க." என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். அதற்குள் விஜியின் மூத்த ஓரகத்தி ஜானகி, இரண்டு நாள் முன்புதான் ஒசக்கோட்டையிலிருந்து வந்தவள், பார்கவியை நாலு தடவைகூடப் பார்த்திராதவள், மஞ்சள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். விஜி அவளைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். பார்கவியும் பார்த்தாள். "எங்க பெரிம்மா அங்க கீறாங்க" என்று மேடையிலிருந்தே கையைக் காட்டினாள். "அப்பறம்மா, இது முடியட்டும்" என்றாள் விஜி. ஜானகி இதழை எடுத்தாள்.

மகராசி, நீ எனக்குச் செய்தது போதும் என்று மனதுக்குள் தங்கையிடம் சொன்னேன். கிண்ணத்தின் மூடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை மஞ்சளில் முக்கி எடுத்தேன். நடுவழியாக நடந்தேன். முதலில் ஒருத்தி பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்தவள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டு விலகின. ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமானால் தொட வேண்டுமே. மஞ்சள் உடுத்திய அத்தனை பேரும் மஞ்சளைக் கண்டு துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்கள். அந்த ஹாலில் கறை பட்டாலும் பரவாயில்லாத துணி கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான்.

விஜி ஓடிவந்தாள். இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டாள்.

"அக்கா, பேடா, வேணாம். சொன்னா கேளு."

"வந்து கையப் புடிச்சு நிறுத்து."

அவள் என் கையைப் பார்த்தாள், தன் புதுக் குர்த்தாவைப் பார்த்தாள். வரவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் போய் அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதனால் நிற்காமல் தாண்டிப் போனேன். ஜானகி மேடையின் அந்தப் பக்கமாகக் குதித்து இறங்கினாள். மேக்கப் பெண் லெஹங்காவின் வாடகை எவ்வளவு, கறை பட்டால் எவ்வளவு என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பார்கவி அம்மாவைப் பார்த்தாள். விஜி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். குனிந்து, கல்லும் ஜரிகையுமாகக் கனத்த அந்த லெஹங்காவை இரண்டு கையாலும் சுருட்டி முழங்காலுக்கு மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வெறும் பாதங்களை முன்னால் நீட்டினாள். கேமராக்காரர் இதை எடுப்பதா வேண்டாமா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேடையில் மண்டியிட்டேன். என் முழங்கை வழியே வழிந்த மஞ்சள், விரித்திருந்த வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாக விழுந்து, விழுந்த இடத்தில் பரவிக்கொண்டிருந்தது.