கம்ப்யூட்டருக்கு மிருகசீரிஷம்

எங்கள் தெருவில் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு சுப்ரமணியுடையது. மாப்பிள்ளை, வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேர். இந்த விஷயம் புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதி முழுக்கப் பரவியதற்கு நான்தான் காரணம் என்று அவர் மனைவி கமலவேணி இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறாள். அவள் மாடியில் துணி உலர்த்தும்போது புருஷனைத் திட்டுவாள். என் மாடியில் நான் மிளகாய் உலர்த்துவேன். அதற்காகக் காதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டா வர முடியும்?

சுப்ரமணி முன்பு மில்லில் இருந்தார். மில்லை மூடியபிறகு ஜோசியர் ஆனார். படித்து ஆகவில்லை. யாரோ தெரிந்தவர் ஒரு ஜாதக சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் வந்து விழும். இரண்டு ஜாதகத்தைக் கொடுத்தால் பொருத்தமும் சொல்லும். இவர் கண்ணை மூடி, விரலை எண்ணி, கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டுத் திரையில் இருப்பதைப் படிப்பார். மேஜை மேல் பஞ்சாங்கம் உண்டு. ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதை மேலே வைப்பார். இதெல்லாம் கமலவேணிக்கும் எனக்கும் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பிழைப்பு போச்சு.

கம்ப்யூட்டர் மூன்றாம் வீட்டு ராஜாங்கம் கொடுத்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் ‘சொல்தா’, அதாவது சிப்பாய், என்றால் அவர்தான். பிரான்சில் இருக்கும் மகன் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியதும் பழையதை சுப்ரமணிக்குத் தள்ளிவிட்டார். அதில் ஜாதக சாஃப்ட்வேர் மட்டும் தமிழ் பேசும். மற்றதெல்லாம் பிரெஞ்சு. சுப்ரமணி அதற்கெல்லாம் அசரவில்லை. மேலேயிருந்து மூன்றாவதை அமுக்கு, பிறகு வலப்பக்கம் இருப்பதை அமுக்கு என்று இடம் பார்த்தே ஓட்டிவந்தார்.

வினை பென் டிரைவில் வந்தது. பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து வீட்டில் செருகினால் ஜாதகங்கள் எல்லாம் திறக்காத ஷார்ட்கட்டாகக் கிடந்தன. "ஊர்ல இருக்கிற பென் டிரைவெல்லாம் இங்கதான் வருது. ஆன்டிவைரஸ் போடாத கம்ப்யூட்டர வெச்சிக்கினு என்னக் கேட்டா?" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

எந்த ஆன்டிவைரஸ்? அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. கமலவேணியின் தம்பி எழிலரசன் ஒன்றைச் சொன்னான், ‘ர’வில் தொடங்கும் பெயர். ஜெராக்ஸ் கடைக்காரர் சிபாரிசு ‘ஜ’வில். பேப்பர் விளம்பரத்தில் வந்தது ‘வி’யில். எது நல்லது என்று விசாரிக்கிற ஆளா நம்மவர்? கம்ப்யூட்டர் தன் வீட்டில் முதன்முதலாக உயிர்பெற்ற நேரத்தைப் போட்டு அதற்கு ஒரு ஜாதகம் எழுதினார். மிருகசீரிஷ நட்சத்திரம். வீட்டோடு வந்து தங்கிக் காவல் காக்கப்போகிறவன் வீட்டோடு மாப்பிள்ளைதானே, ஆகவே கம்ப்யூட்டர் பெண். மாப்பிள்ளைகளுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம்.

"‘ர’ன்னா சித்திரை. ரஜ்ஜு தட்டுது, ஆவாது," என்றார்.

"ஜெராக்ஸ்காரரு சொன்னது?"

"அது உத்திராடம். மிருகம் கீரி. நம்ம கம்ப்யூட்டர் பாம்பு. ஒரே வீட்ல வெச்சா வெளங்குமா?"

"யோவ், நமக்கே பொருத்தம் பாக்காமத்தான் கட்டிவெச்சாங்க," என்றாள் கமலவேணி. "எது நல்லா வைரஸ் புடிக்கும்னு பாருய்யா."

"அதான் வெளங்குதே," என்றார் சுப்ரமணி. எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, அன்றைக்கு அவருக்கு மத்தியானம் ரசம் மட்டும்தான்.

‘வி’ ரோகிணி. எட்டுப் பொருத்தம். நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, சாயங்காலம் இன்ஸ்டால் செய்தார். மாப்பிள்ளை வந்ததும் அந்த வீட்டு மொழியைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே பேச ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. உள்ளே ஏதோ எழுதி, கீழே ஒரு பட்டன்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெயரைப் பிரெஞ்சுக்காரன் எழுதிவிட்டுப் போன மாதிரிதான் இன்னும் எழுதுகிறோம். மற்ற ஊர் சுப்ரமணிக்கு எஸ், யூ, பி போதும். எங்களவருக்கு ஆதாரில் எஸ், ஓ, யூ, பி, ஆர் என்று ரயில் மாதிரி நீளும். அதனால் எஸ்ஸில் ஆரம்பித்து நடுவில் பி, ஆர், எம் என்று எது வந்தாலும் அவருக்குத் தன் பெயராகத்தான் தெரியும். பட்டனில் ‘சுப்ரிமே’ என்று இருந்தது.

"பாத்தியா, வந்ததும் வராததுமா பேரச் சொல்லிக் கூப்புடுது," என்று கமலவேணியைக் கூப்பிட்டுக் காட்டினார். "சுப்ரமணி, சரியான்னு அனுமதி கேக்குது. மாப்பிள்ளைக்கு மரியாத தெரிஞ்சிருக்கு."

அமுக்கினார். அடுத்து ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் ‘ரெஸ்தோரே’ என்று ஒரு பட்டன். "ரெஸ்டாரண்டாம், இதுக்குள்ள ஓட்டல் விளம்பரமும் வந்துட்டுது பாரு," என்று மூடினார். மறுபடி வந்தது, மறுபடி மூடினார்.

மறுநாள் காலை பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்திலிருந்து மீன் வியாபாரி அஞ்சலாட்சி வருவதாக இருந்தது. தேங்காய்த்திட்டு துறைமுக மீன் ஏலத்தில் அவர் குரல் கேட்டால் மற்றவர்கள் விலையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பார்கள். மகன் செம்மலுக்குப் பெண் பார்த்திருந்தார். சொந்த மீன்பிடி போட்டு உள்ள குடும்பம் அவருடையது. அவர் வாயால் ‘நல்ல ஜோசியர்’ என்று ஒரு வார்த்தை வந்தால் பிள்ளைச்சாவடி முழுக்க சுப்ரமணி வாசலுக்கு வரும். வேறு மாதிரி வார்த்தை வந்தாலும் அதே வேகத்தில் பரவும். வாரம் முழுக்க மாடியில் இதே பேச்சுத்தான்.

அஞ்சலாட்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஜாதகத்தையும் நீட்டினார். சுப்ரமணி கண்ணை மூடி, விரலை எண்ணிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். ஜாதக சாஃப்ட்வேர் இருந்த இடத்தில் காலி நீலம். இங்கே அமுக்கினார், அங்கே அமுக்கினார். மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டிக்கொண்டார் போல. நான் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வாசலில் நின்றிருந்தேன். அவர் முகம் புளித்த மாவு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா ஜோசியரே, பொட்டி பேசல?" என்றார் அஞ்சலாட்சி. "அந்தப் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுங்களேன். நான் இருக்கறேன்."

சுப்ரமணி பஞ்சாங்கத்தைத் தொட்டார். தொட்டதோடு சரி.

கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள். அன்றைய தாளில் கீழே பொடி எழுத்தில் சந்திராஷ்டமம் யாருக்கு என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அதைப் பார்த்தாள்.

"இன்னிக்கி எப்பிடிக்கா பாக்க முடியும்?" என்றாள். "கம்ப்யூட்டருக்கு மிருகசீரிஷம். இன்னிக்கி உத்திராடம், சந்திராஷ்டமம். இந்த நேரத்துல அது சொல்றத நம்பி ஒரு கல்யாணத்த முடிவு பண்ணலாமா?"

சுப்ரமணி பஞ்சாங்கத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி கம்ப்யூட்டரைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார். "மிஷினுக்கே நாள் பாத்துத்தான் வேல வாங்கறீங்களா?"

"வேற எடத்துல பாக்க மாட்டாங்க," என்றாள் கமலவேணி. "மனுசனுக்கு ஒரு நாயம், மிஷினுக்கு ஒரு நாயமா?"

"நல்ல நாளு பாத்துச் சொல்லுங்க. நான் திரும்பி வரேன்." அஞ்சலாட்சி ஜாதகங்களை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது என்னிடம், "சுத்தமான ஜோசியரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கமலவேணி புருஷனிடம் திரும்பினாள். "இன்னாய்யா பண்ணித் தொலச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல. அது கேட்டுது, சரின்னேன்."

ராஜாங்கத்தைக் கூட்டிவந்தார்கள். நானும் கறிவேப்பிலையோடு உள்ளே போனேன். ராஜாங்கம் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஆன்டிவைரஸ் மாப்பிள்ளை எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்தார்.

"சுப்ரமணி, ஒன் ஜாதக சாஃப்ட்வேர் திருட்டுச் சரக்கு. அது வைரஸ்னு நெனச்சி, அழிச்சிடவான்னு கேட்டிருக்கான். நீ அழின்னுட்ட."

"எங்கண்ணே கேட்டான்? என் பேரத்தான் போட்டிருந்தான்."

"எது, சுப்ரிமேயா? அப்பிடின்னா அழிக்கறதுய்யா."

கமலவேணி அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று எனக்குப் பார்க்க முடியவில்லை; எட்டிப் பார்ப்பதற்குள் ராஜாங்கம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அப்பறம் ரெஸ்தோரேன்னு ஒண்ணு வந்திருக்குமே? திருப்பிக் குடுக்கவான்னு கேக்கறது அது. இன்னா பண்ண?"

"ஓட்டலுன்னு நெனச்சேன்," என்றார் சுப்ரமணி, தரையைப் பார்த்து.

"நம்மூர்ல ஓட்டலத்தவிர வேற பிரெஞ்சு ஒண்ணும் ஒனக்குத் தெரியலயா?" ராஜாங்கம் குப்பைத்தொட்டி மாதிரி ஒன்றைத் திறந்தார். சாஃப்ட்வேர் உள்ளேயே கிடந்தது. ரெஸ்தோரேயை அமுக்கினார், நீலத்தின் மேல் ஜாதக சாஃப்ட்வேரின் பிள்ளையார் படம் மறுபடி வந்து உட்கார்ந்தது. சுப்ரமணி அதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இந்த ஜாதக சாஃப்ட்வேர் நம் வீட்டு ஆள், தொடாதே என்று மாப்பிள்ளைக்கு ராஜாங்கம் பிரெஞ்சில் எழுதிவைத்தார்.

"காசு குடுத்து நல்ல ஜாதக சாஃப்ட்வேரா ஒண்ணு வாங்கிடு. இவன் என்னிக்காவது மறுபடி புடிப்பான்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"புடிக்க மாட்டான்ண்ணே. எட்டுப் பொருத்தம்," என்றார் சுப்ரமணி.

கமலவேணி சொல்லி அனுப்பிய நல்ல நாளில் அஞ்சலாட்சி வந்தார். செம்மலுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பேஷாக இருந்தது. சுப்ரமணி விரலை எண்ணுவதில் அன்றைக்குத் தனி மிடுக்கு. அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"போட்டுல ஜிபிஎஸ் மாட்டினோம். நடுக்கடல்ல அப்பப்போ நின்னு போவுது. அதுக்கும் சந்திராஷ்டமந்தான் போலன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. மாட்டின நேரம் இதுல இருக்கு. ஒரு ஜாதகம் எழுதிடுங்க."

சுப்ரமணி தேதியைத் தட்டினார், நேரத்தைத் தட்டினார். அடுத்து ஊர்.

"தேங்காய்த்திட்டுலதான் மாட்டினாங்க," என்றார் அஞ்சலாட்சி. "ஆனா பொட்டியில சைனான்னு போட்டிருக்கு."

சுப்ரமணி சாஃப்ட்வேரின் ஊர்ப் பட்டியலில் மேலும் கீழும் போய்வந்தார். சீர்காழி இருந்தது, சேத்தியாத்தோப்பு இருந்தது. சைனா இல்லை. கண்ணை மூடினார்.

"புதுச்சேரின்னே போடுய்யா," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கப்பல்ல வந்தவங்க எல்லாம் பொறந்த ஊர அப்பிடித்தான் எழுதிக்கினாங்க."