வளையத்தில் போடவேண்டிய பெயர்கள்

1

"காய்ஞ்சு போச்சு இது."

"எது?"

"சுருட்டுதான். காதுகிட்ட வெச்சு உருட்டிப் பாரு, சருகு மாதிரி..."

"போன கடையில ஈரம்னே."

"அது ஈரம். இது காய்ஞ்சது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு..."

"அதுக்கு முந்தின கடையில தடிமன் ஜாஸ்தின்னே. முதல் கடையில கல்லாவுல இருந்த பொண்ணு முகமே சரியில்லன்னே. நீ சுருட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"மெதுவாப் பேசு அம்மாடி. பின்னால ஆள் நிக்குது."

"நிக்கட்டுமே. கேட்டா கேக்கட்டும்."

பின்னால் நின்ற ஆள் நான்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சாந்தாந்தெர் என்னும் கடற்கரை நகரத்தில், புகையிலைக் கடை வரிசையில். நான் புகைப்பதில்லை. இங்கே தபால்தலை வேண்டுமென்றாலும் பஸ் அட்டைக்குப் பணம் ஏற்றவேண்டுமென்றாலும் புகையிலைக் கடைக்குத்தான் போகவேண்டும். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் இரண்டு முதுகுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். சட்டை என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசிய ஒரு செப்டம்பர் காலையில், விடுமுறைக்கு வந்திருந்த அந்த முதிய தம்பதி கைகோத்து

(கைகோத்து நடக்கவில்லை. மனைவி இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்திருப்பாள். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

சுருட்டு என்பது வெறும் புகையிலை அன்று, அது ஒரு

(ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. இதுவும் போயிற்று.)

மூன்றாவதாக, கேட்டதைக் கேட்டபடியே போட்டேன். மேலே நீங்கள் படித்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் பேச்சில் மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்து எழுதிப் பார்த்தேன். 'நீங்க சுருட்டு வாங்க வந்தீங்களா' என்று எழுதியதும் அவள் வேறு யாரோ ஆகிவிட்டாள், குனிந்து காப்பி கொடுப்பவளாக. அந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் சொல்வார்கள், கோபம் வந்தால் 'மனுஷா' என்பார்கள். 'ங்க'வை எடுத்துவிட்டேன். அவள் நிமிர்ந்துகொண்டாள்.

பெயர்கள்: அவளுக்கு நியேவெஸ், அவருக்கு எலாதியோ. நான் வைத்தவை. அவர்களுடைய மகள் நொயேலியா. அது மட்டும் காதால் கேட்டது. நொயேலியா கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு இட்சியார் என்று வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் இந்தக் கதை.

3

எலாதியோவுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற ஊர்மன்றச் சேவகர் ஆக்கினேன்.* பலென்சியா பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். மன்றத்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பது அவர் பொறுப்பு. மீன் வண்டி வந்திருக்கிறது. நாளை தண்ணீர் வராது. இன்னார் காலமானார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் வரும் சனிக்கிழமை திருமணம். வாசிக்குமுன் மைக்கில் இரண்டு தடவை ஊதுவார். அந்த 'ஃபூ, ஃபூ' கேட்டால் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள்.

அந்த ஊரில் கல்யாண விருந்து முடிந்து காப்பி வந்ததும், பெண்ணின் தகப்பன் மேசை மேசையாகப் போய் சுருட்டு கொடுப்பார். மகன் கல்யாணம் என்றாலும் அவனுடைய தகப்பனுக்கு இந்த உரிமையை விட்டுக்கொடுக்க மனம் வராது. இரண்டு தகப்பன்களும் இரண்டு பெட்டியோடு சுற்றுவார்கள். ஒவ்வொரு சுருட்டிலும் ஒரு காகித வளையம். வளையத்தில் மணமக்கள் பெயர். சுருட்டைப் பற்றவைக்குமுன் யாராவது ஒருவர் வளையத்தைக் கிழியாமல் கழற்றி, மறுநாள் ஊர் பாரில் கொடுப்பார். பார்க்காரர் அதைக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கண்ணாடியில் ஒட்டுவார். ஊரின் எல்லாக் கல்யாணமும் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. பிரிந்துபோனவர்கள்கூட அங்கே சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

எலாதியோ தம்பதியின் மகன் ருபேனும் இருக்கிறான், 'ருபேன் – சோனியா' என்று, காப்பி இயந்திரத்துக்கு மேலே.

நொயேலியா பில்பாவோ நகரத்தில் இட்சியாரோடு இருக்கிறாள். அக்டோபரில் கல்யாணம், சொந்த ஊரில். தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா சுருட்டு குடுப்பாரா அம்மா?"

"குடுப்பாரு."

"பேர் போட்டா?"

நியேவெஸ் வாயைத் திறப்பதற்குள் மகளே சொன்னாள்: "கடையில அப்பா வாயால சொல்லி எழுதி வாங்கணும். நீ சொல்லி வாங்கிடாதே. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்மா."

நியேவெஸ் புருஷனிடம் அப்படியே சொன்னாள். எலாதியோ தலையாட்டினார். "பக்கத்து ஊர்க் கடையில வேணாம். விடுமுறைக்குக் கடற்கரை போறோமில்ல, அங்க நல்ல சரக்கு இருக்கும். சாவகாசமாப் பாத்து வாங்கலாம்" என்றார்.

அதனால்தான் இந்த ஊர், அதனால்தான் இந்தச் சண்டை.

* ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் தெரியும்.

4

எலாதியோவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கெட்டவராக எழுதினால் சுலபம். 'என் வீட்டுல இப்படியெல்லாம் நடக்காது' என்று ஒரு வசனம் எழுதி, அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டார்.

துப்பியது நியாயம்தான். வரிசையில் நான் கேட்ட குரல் அதட்டுகிற குரல் இல்லை. மருத்துவமனை வாசலில் 'இன்னொரு நாள் வருவோமே' என்று இழுக்கிற குரல்.

நியேவெஸ் வேறு. ஈரம், தடிமன், முகம் சரியில்லை என்று அவர் ஒவ்வொரு கடையாக இறங்கி வந்தபோது முதலில் அவளும் நம்பினாள். பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டில் சுருட்டுக்கு அரசாங்கம் வைத்த விலை; எந்தக் கடையிலும் அதே விலை, அதே பெட்டி. யாரும் சுருட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை. ஒவ்வொரு கடையிலும் அவர் எந்த இடத்தில் சுருட்டைக் கீழே வைக்கிறார் என்று யோசித்தாள். கடைக்காரர் பேனாவை எடுத்து 'வளையத்துக்குப் பேரு?' என்று கேட்கிற இடத்தில்.

மூன்றாவது கடைக்கு வெளியே அவள் நின்றுவிட்டாள். "பசிக்குது" என்றாள். கணவாய் வறுவல் தின்னக் கூட்டிப்போனாள்.

5

(இந்தக் காட்சி நான் கேட்டதில்லை. வரிசையில் எலாதியோவின் விரல்களிலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து எடுத்தது.)

"வெறும் சுருட்டா வாங்கிடலாம் நியேவெஸ். பேரே வேணாம். ரொம்ப உசந்த சுருட்டு. எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கணும்."

"ருபேனுக்கு மட்டும் பேரு."

"அது வேற காலம்."

"அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மனுஷா."

அவர் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "கண்ணாடியில ஒட்டுவானுங்க."

"ஒட்டணும்னுதானே கேக்குறா."

"சீட்டாடும்போது எனக்கு நேர் எதிர்ல இருக்கும் அது."

"இடம் மாறி உக்காரு."

"உனக்கு எல்லாம் கேலி. அங்க உக்கார்றவனுங்க வாயை நீ கேட்டிருக்கியா? நான் கேட்டிருக்கேன். நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன், அடுத்தவன் வீட்டுக் கதைன்னா."

நியேவெஸ் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அவருக்காகக் கொஞ்சம் இரக்கப்படலாமா என்று பார்த்தாள். படலாம், ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் கிடையாது," என்றார் எலாதியோ. "உனக்கே தெரியும். சீமைமாதுளை அல்வா கிண்டினா அவளுக்குன்னு பெரிய துண்டா வெட்டி எடுத்து வெக்கிறது யாரு?"

"நீதான்."

"சீட்டுல அவளை ஜோடியா வெச்சுக்கிறது யாரு?"

"நீதான். அவ நல்லா ஏமாத்துவா."

"பின்ன?"

"அவ பேரு என்ன, எலாதியோ?"

அவர் எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தட்டு முழுவதும் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்ததன் மேலேயே பிழிந்தார்.

'அந்தப் பொண்ணு.' வீட்டுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பொண்ணுக்குக் காப்பி குடு, அந்தப் பொண்ணு செருப்பு நனையுது பாரு, உள்ள எடுத்து வை. ஊரில் பிறந்தவன் செத்தவன் பெயரையெல்லாம் மன்றத்து ஒலிபெருக்கியில் கத்திய வாய்.

"எழுந்திரு," என்றாள் நியேவெஸ். "கடை மத்தியானம் சாத்திடுவான். நாளைக்குக் காலையில நமக்கு ரயில்."

6

இனி முடிவு. எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

ஒன்று. எலாதியோ தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு பெயரையும் சொல்லிவிடுகிறார். கடைக்காரம்மா சிரிக்கிறாள். நியேவெஸின் கண்களில்

(வேண்டாம். விளக்கு ஸ்விட்சைத் தட்டினது மாதிரி இருக்கிறது.)

இரண்டு. அவர் பேரில்லாத சுருட்டு வாங்குகிறார். விருந்தில் கொடுக்கிறார். மறுநாள் பாரில் யாரும் எதுவும் ஒட்டவில்லை. காப்பி இயந்திரத்துக்கு மேலே ருபேனுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் அளவுக்குக் கண்ணாடி சும்மா இருக்கிறது. நொயேலியா பில்பாவோவுக்குத் திரும்புகிறாள். அல்வாத் துண்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது.

(இது நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது நியேவெஸ் என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க யாருங்க நடுவுல?"

"எழுதுறவ."

"வரிசையில எங்க பின்னால நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டது நீங்கதானா?"

"ஆமா. நான் ஒரு வரி எழுதிக் குடுக்கிறேன். அவர் சொல்லிடுவார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்."

"நீங்க எழுதிக் குடுத்தா அது அவர் சொன்னதா ஆகுமா?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"நானே சொல்லக்கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா. நான் பெத்தவ. முதல் கடையிலேயே சொல்லி வாங்கிட்டு, இந்நேரம் கடல்ல காலை நனைச்சுக்கிட்டு நின்னிருக்க எனக்குத் தெரியாதா? நீங்க மட்டும் சொல்லலாமோ? பேனாவைக் கீழ வைங்க."

வைத்துவிட்டேன். எனவே மூன்றாவது முடிவு கிடையாது. அன்று கடையில் நான் கேட்டது மட்டும் இருக்கிறது. அதை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் தருகிறேன். நீங்களும் வரிசையில் வந்து நில்லுங்கள், எனக்குப் பின்னால் இடம் இருக்கிறது.

7

"காய்ஞ்சதா இருந்தா வேற பெட்டி திறக்கிறேன் ஐயா," என்றாள் கடைக்காரம்மா. "கல்யாணத்துக்குத்தானே? வளையத்துல பேர் போட்டுத் தரோம். வீட்டுக்கே அனுப்பிடுவோம்."

எலாதியோ சுருட்டைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் திரும்பினார். அதற்குள் நியேவெஸ் அங்கே போய் நின்றிருந்தாள், கதவில் முதுகைச் சாய்த்து, கைப்பையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு.

"நகரு அம்மாடி."

"வெளிய மழை."

வெளியே நல்ல வெயில்.

"நகரச் சொல்றேன்ல."

"எனக்குக் கால் வலிக்குது. இதுக்கு மேல ஒரு கடைக்கும் நான் நடக்கமாட்டேன். இங்க உன்னை யாருக்குத் தெரியும்? யாருமில்ல. இந்த அம்மாவுக்கும் தெரியாது, பின்னால பஸ் அட்டையோட நிக்கிற அந்தக் கிழவிக்கும் தெரியாது. இங்கயே உன்னால முடியலன்னா அங்க மேசை மேசையா எப்படிப் போவே? பொண்ணு உங்கிட்ட வேற என்ன கேட்டுட்டா?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கல்லாப் பக்கம் திரும்பி, அதே சுருட்டை எடுத்து, மறுபடியும் காதருகே வைத்து உருட்டினார். இந்த முறை ரொம்ப நேரம்.

"இது பரவால்ல," என்றார்.

"காய்ஞ்சதுன்னே?"

"கொஞ்சம் வாயை மூடு."

கடைக்காரம்மா பேனாவை எடுத்தாள். "பேரு?"

"நொயேலியா."

பெரிய எழுத்தில் எழுதினாள். "மாப்பிள்ளை பேரு?"

"மாப்பிள்ளை இல்ல."

பேனா நின்றது. கதவருகே நியேவெஸ் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எலாதியோ இரண்டு கையையும் கல்லா மேசையில் ஊன்றிக்கொண்டார். கொஞ்சம் குனிந்தார். காற்றில், அங்கே இல்லாத எதன் மீதோ, இரண்டு தடவை ஊதினார். ஃபூ, ஃபூ. கடைக்காரம்மா தூசு தட்டுகிறார் என்று நினைத்திருப்பாள். மேசையைப் புறங்கையால் துடைத்தாள்.

பிறகு அவர் உதடு அசைந்தது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்துக் காதை நீட்டினேன். கடைக்காரம்மாவும் பேனாவோடு முன்னால் சாய்ந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க ஐயா, காதுல விழல."