பலகையின் மறுபாதி

சின்னவளின் விடுதி அறையில் கிட்டாருக்குப் பக்கத்தில் யார் என்ன பேசினாலும், அதே நொடியில் அது நான்கு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்த அவள் அண்ணன் வீட்டு அடுக்களை அலமாரியில் கேட்டது. வாசிப்பு கேட்டது, தும்மல் கேட்டது, வேதியியல் பாடத்தை அவள் உரக்கப் படிப்பதும் கேட்டது. இரண்டு வருடம் இப்படி நடந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் சின்னவள்தான்.

அண்ணன் சவப்பெட்டி செய்பவன். தெருவில் அவனுக்குப் பெட்டிக்காரர் என்று பேர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினாறு வயது, அவளுக்கு ஆறு. அவன் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்குப் போனதால்தான் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற பெயர் அவளுக்கு வந்தது. இதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம். முதல் விடுமுறைக்கு வந்தவள், அறைத்தோழியின் கிட்டாரை இரவல் வாங்கிப் பழகுவதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அண்ணன் கடைவீதியில் இசைக்கருவிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே தொங்கிய கிட்டாரைச் சாண் போட்டுக் காற்றில் அளந்தான். மூன்றாம் நாள் கடைக்காரர் வெளியே வந்து, "அளவு யாருக்குங்க?" என்று கேட்டார். பெட்டிக்காரரை அவருக்குத் தெரியும். கொஞ்சம் பயந்துதான் கேட்டார்.

பட்டறையில் ஒரு தேவதாருப் பலகை கிடந்தது. ஒரு பணக்காரருக்காக வரவழைத்தது, அவர் பிழைத்துக்கொண்டார். கிட்டார் செய்யத் தெரிந்தவர்கள் முகப்புக்கு ஒரே பலகையை இரண்டு ஏடாக அறுத்து, புத்தகம்போல விரித்து, நடுவில் ஒட்டுவார்கள். அண்ணனுக்கு அது தெரியாது. சவப்பெட்டிக்கு வந்த பலகை அகலமானது, முகப்புக்கு ஒரு ஏடே போதுமாக இருந்தது. பலகையை இரண்டாக அறுத்து ஒன்றை எடுத்துக்கொண்டதில் மிஞ்சிய மற்ற ஏட்டை வீணாக்க அவனுக்கு மனசு வரவில்லை. மூன்று வருடமாக அலமாரி கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு அதை அடுக்களையில் மாட்டிக் கொடுத்தான். உடன்பிறந்த இரண்டு ஏடுகளைப் பிரித்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பின்னாளில் கடைக்காரர் சொன்னார், ஏதோ தினமும் பார்க்கிற விஷயம்போல.

ஏழு மாதம் வேலை நடந்தது. பக்கப் பலகைகளைக் கொதிநீரில் ஊறவைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயில் வளைத்தான். மூன்று ஜோடி முறிந்தது, நான்காவது இசைந்தது. கடைசியில் கிட்டாரை வைக்க ஒரு பெட்டியும் செய்தான். அவனுக்குத் தெரிந்த பெட்டி ஒன்றுதான். உள்ளே வெள்ளைச் சாட்டின் வைத்துத் தைத்து, பக்கத்துக்கு இரண்டாகப் பித்தளைக் கைப்பிடி போட்டான்.

அண்ணன் அனுப்பிய அதைச் சின்னவள் விடுதியில் திறந்தபோது அறைத்தோழி கட்டிலில் விழுந்து சிரித்தாள். அவள் ஒரு டாக்டரின் மகள். "என்னடி இது, யாராவது உள்ள படுத்திருந்தாங்களா? எந்தக் கடை?" என்று கேட்டாள். "கடை இல்ல. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற கார்பென்டர் செஞ்சது," என்றாள் சின்னவள். "உனக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காருல்ல, அவர் என்ன பண்றார்?" "வெளிநாட்டுல இருக்கார்." படித்த பிள்ளை சொல்கிற பொய்யில் தடுமாற்றமே இருக்காது. அப்போது அண்ணன் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி உப்பு டப்பாவை எடுக்க அலமாரிக்குக் கை நீட்டியிருந்தாள். அவன் மிச்சத்தையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அவகிட்ட யாரும் சொல்லக்கூடாது. சொன்னா பேசுறதை நிறுத்திடுவா," என்றான். தெரு அப்படியே வாயை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி அவள் வாசிக்கிற நேரம் பார்த்துத் துணி வெட்ட வருவாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற அண்ணி, கேட்டுக் கேட்டே முப்பது தனிமங்களை வரிசை மாறாமல் சொன்னாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "சாப்பிட்டியா?" என்று தெரியாதவன்போலக் கேட்பான். அவள் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள். அவன் சரி என்பான். சின்னவளும் விதவிதமாகப் பேசினாள். ஊர்ப்பக்கம் தோழிகளைக் கூட்டிப்போக முடியாததற்குக் காரணங்கள் சொன்னாள், அண்ணன் அனுப்பிய சட்டையை நிறம் சரியில்லை என்று அறை பெருக்க வருகிறவளுக்குக் கொடுத்தாள். எல்லாம் அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் வருடக் கடைசி விடுமுறைக்கும், எப்போதும்போலக் கனமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி கிட்டாரை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தாள். பேருந்து நிலையத்தில் அந்தப் பெட்டியோடு நிற்க வெட்கம், வேறொன்றும் இல்லை. மற்ற விடுமுறைகளில் அறை பூட்டிக் கிடக்கும், இந்தத் தடவை டாக்டர் மகள் மறுதேர்வுக்குப் படிக்க அங்கேயே தங்கிவிட்டாள். வந்த மறுநாள் காலை அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரியில் மிளகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து கம்பிகள் அதிர்ந்தன. பிறகு டாக்டர் மகளின் குரல் யாரிடமோ சொன்னது: "அவங்க வீட்டு வேலைக்காரன் செஞ்சதாம். பரவால்ல, நல்லாத்தான் செஞ்சிருக்கான்." அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த டாக்டர் பொண்ணு இன்னும் பாஸாகலையா? பாவம், நாலாவது தடவை," என்றாள்.

சின்னவள் அடுப்பை அணைத்தாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"அலமாரி மாட்டினதுலேர்ந்து."

"அண்ணாவுக்கும்..."

"ஏன், அவருக்குக் காது இல்லையா?"

அவள் அப்படியே பட்டறைக்கு நடந்தாள். தெருவில் தையல்காரி அவளைப் பார்த்து வழக்கத்தைவிட அன்பாகச் சிரித்தாள். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. பட்டறையில் அண்ணன் ஒரு பெட்டிக்குள் இடுப்புவரை குனிந்து துணி தைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "ரெண்டாவது கம்பி ஒரு மாசமா இறங்கியிருக்கு. போனதும் திருகிப் பாரு," என்றான். இரண்டு வருடம் கேட்டதற்கெல்லாம் சேர்த்து அவன் சொன்னது அவ்வளவுதான். அவள் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். திட்டாதவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கல்லூரியில் சொல்லித் தரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பிப் பத்து நாள் அறையில் வாயே திறக்கவில்லை. ஊரில் அண்ணி பலகையைத் தட்டிப் பார்த்தாள், திருகாணியை முடுக்கினாள், ஈரத்துணியால் துடைத்தாள். சின்னவளுக்கும் ஒரு யோசனை வந்தது. கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொன்னால் போதும், உடனே அண்ணனுக்குக் கேட்டுவிடும். வாயைத் திறந்தும் விட்டாள். ஆனால் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு சொன்னால் அது மன்னிப்பு ஆகாது, நாடகம். அவள் பொய் சொன்னது இங்கே விடுதியில் இருந்தவர்களிடம்.

ஆகவே கிட்டாரைப் பெட்டியில் வைத்து அறையைப் பூட்டிவிட்டு, விடுதி முழுக்கச் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துக் கீழே போனாள். பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றாள். "என் கிட்டாரைச் செஞ்சது எங்க அண்ணன். சவப்பெட்டி செய்றவர். வெளிநாட்டுல எனக்கு யாரும் கிடையாது," என்றாள். ஒருத்தி தண்ணீர்ச் சொம்பைத் தள்ளச் சொன்னாள். மற்றவர்கள் குழம்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் மகள் மட்டும் தட்டோடு எழுந்து வந்தாள். "நான் அவரை வேலைக்காரன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனேடி. ஏன் அப்படிச் சொன்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போவும்தான். இது வேற வெக்கம்."

அன்று ஊரில் அடுக்களை அலமாரியில் இரண்டாவது கம்பியை யாரோ மெதுவாக முறுக்கி ஏற்றுகிற சத்தம் மட்டும் வந்தது, பிறகு ஒரு மணி நேர வாசிப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாது. அவள் சொல்லவில்லை. அலமாரிக்கும் அவ்வளவு தூரம் எட்டாது.

சின்னவள் பட்டம் வாங்கினாள், இன்னும் தூரத்து நகரத்தில் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், முன்தலையில் ஒரு கற்றை நரைத்தது. வேலை விட்டு வந்ததும் கிட்டாரை எடுத்துவிடுவாள். அன்றைய தினம் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே கம்பிகளைச் சரி செய்வாள். பதில் எதிர்பார்க்க மாட்டாள். ஊரில் பெட்டிக்காரர் குடும்பம் வீடு மாறியபோது மற்றச் சாமான்கள் வண்டியில் ஏற, அந்தப் பலகையை மட்டும் அண்ணி மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து போனாள்.

புது வீட்டில் முதல் நாள் மாலை, மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் தண்ணீர் விஷயம் பேச இறங்கி வந்தார். அடுக்களையில் பேச்சுக்குரல் கேட்டு, "ரெண்டு பேர்னுதானே சொன்னீங்க? உள்ள யாரு?" என்றார்.

"எங்க நாத்தனார்," என்றாள் அண்ணி. "நம்ம கூடத்தான் இருக்கா. தண்ணி மட்டும் அவ ஊர்லயே பிடிச்சுக்குவா."

வீட்டுக்காரர் வாசலில் நின்று ஒரு பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு, மோட்டார் காலையில் ஆறு மணிக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.