முதுகுக்கும் கேரியருக்கும் ஒரே பை

1

வெள்ளியங்கிரி ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. காற்புள்ளிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டுப் பரண். போன வாரம் என் மனைவி ராமாமணி பரணை ஒழித்தபோது ஒரு பையைக் கீழே தள்ளினாள். பச்சைத் தார்ப்பாயில் தைத்தது. சைக்கிள் கேரியரின் பக்கவாட்டில் மாட்ட இரண்டு இரும்புக் கொக்கி, தோளில் மாட்ட இரண்டு வார். கொக்கியும் வாரும் பையின் ஒரே பக்கத்தில் இருந்தன. இந்தக் கதையின் துன்பம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

"இதத் தூக்கிப் போட்டரலாங்களா?" என்றாள்.

"இதுக்கு ஒரு கதை இருக்குது."

"எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு கதை இருக்குமுங்க. பரணுதான் பத்தறதில்லை."

அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். பையை ஒருமுறை மாட்டியும் பார்த்தேன். வார் நீளமாகி, பை பிருஷ்டத்துக்குக் கீழே தொங்கியது. வயதானால் மனிதன் குறுகிப்போகிறான் என்று எழுதிக்கொண்டேன்.

2

தொடக்கங்கள்.

'சித்திரை வெயில் கோவையின்மேல் பொற்குடை விரித்திருந்த' — இல்லை. வெயிலே குடையாகிவிட்டால் அப்புறம் குடை எதற்கு.

'மனிதன் என்பவன் ஒரு பை' — ராமாமணி எட்டிப் பார்த்து, "யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

'தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில் என் மச்சான் கந்தப்பனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதென்று முடிவாயிற்று.' இது இருக்கட்டும். இதில் அழகு ஒன்றும் இல்லை, அதனால் நம்புவார்கள்.

கந்தப்பன் ராமாமணியின் அண்ணன். என்னைவிட ஒரு தலை உயரம். வருடா வருடம் சித்திரையில் நாங்கள் இருவரும் சரவணம்பட்டியிலிருந்து சைக்கிளில் வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டிக்குப் போய், மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலையும் ஏறி, கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்து வருவோம். அந்த வருடம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

"மாப்ள, கத்தி வெக்கறதுக்கு முந்தி அந்தச் சுனைத் தண்ணி ஒரு மொடக்கு குடிச்சுப்போட்டேன்னா, அப்புறம் எது வந்தாலும் சரீங்க" என்றார்.

"வந்துருமுங்க மச்சான்."

திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு இரவுக்குமேல் வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, ஞாயிறு சாயங்காலம் கெடு. ராமாமணி வராந்தாவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் போதுமான நாட்கள் இருந்தன. அதுதான் ஆபத்து.

3

[இங்கே ஒரு கட்டுரை வருகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்; நான் அன்றைக்குத் தாண்டவில்லை.]

தண்ணீர்க் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தால், பேரூர் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். கேரியரில் வைத்தால் சைக்கிளுக்குச் சுகம், ஆனால் சைக்கிள் மலை ஏறாது. ஆகவே கேரியரில் மாட்டினால் கேரியர்ப் பை, கழற்றினால் முதுகுப் பை என்று ஒன்று வேண்டும். காலம் அப்படி. பகலில் சோபா, இரவில் கட்டில் என்று கிராஸ்கட் ரோட்டில் விற்றார்கள். மாவாட்டும் கிரைண்டரே தேங்காயும் துருவியது. ஒரே வேலையைச் செய்யும் பொருள் வீட்டில் நான் ஒருவன்தான், அதையும் சரியாகச் செய்வதில்லை என்பது ராமாமணி கட்சி.

சும்மா ஒரு மஞ்சப் பையில் கேனைப் போட்டுக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கும் வாசகர் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கே யாராவது அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் இந்தக் கதை உங்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

முதலில் பார்த்தது திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்துக் கழித்துவிட்ட ஒரு முதுகுப் பை. கேரியரில் கயிறு போட்டுக் கட்டினால் என் குதிகாலை ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை விசாரித்தது. இரண்டாவது, பவானி ஜமக்காளத்தை மடித்துத் தைத்த பை. முதுகுக்கு மெத்தை. ஆனால் கேன் கசிந்தால் தண்ணீரை மச்சானுக்கு முந்தி ஜமக்காளம் குடித்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்ததில் ஒரு வாரம் போனது.

4

மூன்றாவதாகத்தான் உக்கடத்தில் பிரான்சிஸ் கடைக்குப் போனேன். லாரி சீட்டுக்கு உறை தைப்பவர். நான் வரைந்து காட்டிய படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செஞ்சர்லாமுங்ணா" என்றார். தைத்தும் கொடுத்தார். கேரியரில் கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றி முதுகில் மாட்டினேன். கொக்கி இரண்டும் தோள்பட்டைக்குக் கீழே அட்டைபோலக் கடித்தன.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தையல்காரரின் முகத்துக்கு நேராகக் 'குத்துகிறது' என்று சொல்ல எங்கள் நாக்குக்கு வராது.

"எப்படி இருக்குதுங்ணா?"

"நல்லா இருக்குதுங்க. சித்தெ... கொக்கி இருக்கிறது தெரியுதுங்க."

"அப்படீங்களா. நல்லாத் தெரியுதுங்களா, லேசாத் தெரியுதுங்களா?"

"லேசாத்தானுங்க. நீங்க தெச்சது நம்பர் ஒன்னுங்க."

'கொக்கி தெரிகிறது' என்பதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் தடித்த கொக்கியாகப் போட்டுக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். அவரும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வாரை மாற்றினார், மூடியை மாற்றினார், தார்ப்பாயின் நிறத்தைக்கூட மாற்றினார். குத்துவதை நானும் சொல்லவில்லை, அது குத்தும் என்று அவருக்குத் தெரிந்ததை அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான் இன்னும் அந்தக் கடை ஸ்டூலில்தான் இருந்தேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ராமாமணி நேராக அங்கே வந்தாள். என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். (பொது இடம் என்றுகூடப் பார்க்கவில்லை.)

"ஏனுங் பிரான்சிஸ், இது குத்துதுங்க. அங்க ஒரு உசுரு இந்தத் தண்ணிக்குக் காத்துட்டுக் கெடக்குது. நீங்க ரெண்டு பேரும் இங்க ஊட்டுக்கு ஒறம்பரை வந்த மாதிரி உபசாரம் பண்ணிட்டு இருக்கறீங்க."

பிரான்சிஸ் பெருமூச்சு விட்டார். "மொத நாளே நெனச்சனுங்க அம்மா. அண்ணன் மனசு நோகுமின்னு சொல்லலீங்க."

"எனக்கும் அதேதானுங்க" என்றேன்.

ஜமக்காளப் பையைக் கிழித்து ஒரு துண்டெடுத்து, கொக்கிமேல் மடங்கி விழும்படி தைத்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

5

மலை வர்ணனை.

முதல் மலை செங்குத்தாக — எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டாவது மலையில் காற்று — அதுவும் எழுதியாயிற்று. ஐந்தாவது மலையில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நீங்கள் ஏறியிருந்தால் உங்கள் மலையையே இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி என்றால் எனக்குக் கை நிற்காது. தலைக்குமேல் மின்விசிறி, மூன்று இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட். அது வரும்போதெல்லாம் அறை ஒருதரம் கண்ணடிக்கும். அடுத்த கட்டிலில் வெங்கடபதி என்று ரிட்டையரான பஸ் கண்டக்டர். தூக்கத்தில் 'காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி' என்று வரிசையாக நிறுத்தம் சொல்வார். சரவணம்பட்டி வந்ததும் எழுந்து இறங்கத் தோன்றும். [ஒரு பார்வையாளருக்கு இவ்வளவு தெரியுமா என்று ராமாமணி ஓரத்தில் எழுதியிருக்கிறாள். விட்டுவைக்கிறேன்.]

யானையைச் சொல்ல மறந்துவிட்டேன். பூண்டிக்கு முன்னால் ஒற்றை யானை வழியில் நின்றது. நான் சைக்கிளை விட்டுவிட்டு மரத்தின் பின்னால் போனேன். அது கேரியரிலிருந்து பையைக் கழற்றியது, முதுகில் போட்டுப் பார்த்தது, மறுபடியும் கேரியரில் மாட்டியது, மறுபடியும் கழற்றியது. வெகுநேரம் யோசித்தது. கடைசியில் பையைக் கேரியரிலேயே வைத்துவிட்டு, முடிவெடுக்காமல் காட்டுக்குள் போனது. எனக்கு அதன்மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

(யானையை அடிக்கச் சொன்னாள் ராமாமணி. சத்தியம் செய்துவிட்டு எப்படி அடிப்பது?)

சுனையில் கை தட்டினால் தண்ணீர் ஊறும் என்பார்கள். என் இரண்டு கையும் பிரான்சிஸின் வாரில் சிக்கிக்கொண்டிருந்ததால், வந்த பக்தர் ஒருவரைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டினார். கேன் நிறைந்தது.

6

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ. ஞாயிறு பொழுது இறங்கும்போது, கேன் நிறையத் தண்ணீரோடு வார்டுக்குள் பை நுழைகிறது. ஒரு டம்ளர் ஊற்றப்படுகிறது. மச்சான் குடிக்கிறார்.

ஆ. பேரூர் தாண்டியதும் கேன் கசிந்துவிட்டது. ஜமக்காளத் துண்டு தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டது. வார்டில் அதைப் பிழிந்ததில் உள்ளங்கையளவு தேறுகிறது, லேசாகச் சிவப்புச் சாயத்தோடு. மச்சான் குடிக்கிறார்.

இ. கேன் காலி. ஆஸ்பத்திரி வாசல் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. அதுவும் அந்தப் பக்கத்து மலையிலிருந்து வருவதுதானே என்று பை சற்று நேரம் குழாயடியில் நிற்கிறது. பிறகு மேலே ஏறி வருகிறது. மச்சான் குடிக்கிறார்.

மூன்றிலும் அடுத்து நடப்பது ஒன்றே. கொண்டுவந்தவர் கேட்கிறார்: "எப்படி இருக்குதுங்க?" படுத்திருந்தவர் டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: "நல்லா இருக்குதுங்க." ராமாமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். எந்தத் தண்ணீர் என்று படுத்திருந்தவர் கேட்கவில்லை. கேட்டால் கொண்டுவந்தவர் மனம் நோகும். கொண்டுவந்தவரும் சொல்லவில்லை. மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றுவரை அந்தப் பேச்சு எழவில்லை.

எந்த முடிவென்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா.

தொண்ணூற்றாறு சித்திரையில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவன் நான். பை தைத்ததும் மலை ஏறியதும் மச்சான்.