அப்பாவின் தப்படி

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் அவருடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சதுப்பு நிலத்தில் கரைப்பறவைகளின் கூடு தேடிக் கணக்கெடுப்பது அப்பாவின் வேலை. கடையில் முட்டை வாங்கி வரச் சொன்னால் காதில் விழாது, பறவை முட்டை என்றால் முழங்கால் சேற்றில் இறங்கிவிடுவார் என்று அம்மா முப்பது வருடமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். நேற்றுக் காலை, டீயைப் பாதி குடித்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார்.

நாளை விடிந்தால் கால்வாய் தோண்டும் இயந்திரம் சதுப்பில் இறங்கும். கூடுகளைக் காட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுவதாக அதிகாரி ஒப்புக்கொண்டிருந்தார். அப்பா எட்டைக் காட்டிவிட்டார். ஒன்பதாவதை நேற்றுக் காட்டுவதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று அதிகாரி துக்கம் கேட்க வந்த இடத்தில் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டில் அந்த ஒன்பதாவதைப் பற்றி ஒரே வரி: ‘உப்புக்கொத்தி. மூன்று முட்டை. உடைந்த மதகிலிருந்து கடலைப் பார்த்து நேராக 190 தப்படி.’ குச்சி நட்டு அடையாளம் வைக்க மாட்டார். அதில் காக்கை வந்து உட்கார்ந்தால் முட்டை மிஞ்சாது. போனில் இடம் குறிக்கச் சொன்னால் சிரிப்பார்.

மகள் மதகிலிருந்து எண்ணி நடந்தாள். நூற்றுத் தொண்ணூறில் வெறும் கிளிஞ்சலும் கூழாங்கல்லும்தான். மறுபடி நடந்தாள். கடைசியாக அவருக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று அழுகை முட்டியது.

திரும்பி வந்து நிமிர்ந்தால், மதகருகே அம்மா, கையில் அப்பாவின் நோட்டு.

“உன் கால்ல நடந்தா எப்படிடி கிடைக்கும்? மூட்டு வலி வந்தப்புறம் அவரு எங்க அப்படி நடந்தாரு? வேகமா வாங்க, வேகமா வாங்கன்னு தினமும் பிடுங்கி எடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

அம்மா வலது காலை எட்டி வைத்து, இடது காலைப் பாதியில் இழுத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றுத் தொண்ணூறில் நின்றாள். முன்னால் ஒரு சிறு உப்புக்கொத்தி, கூட்டிலிருந்து ஆளை விலக்க, இறகு ஒடிந்ததுபோல் பாசாங்கு செய்து, தரையில் இழுபட்டுக்கொண்டே ஓடியது.

காலடியில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய், மூன்று முட்டை. ஒரு சாண் தள்ளி மகளின் செருப்புத் தடம்.

இடத்தைக் குறித்து அதிகாரிக்கு அனுப்பினாள். அங்கே தோண்ட மாட்டோம் என்று உடனே பதில் வந்தது.

திரும்பும்போது எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா அதே இழுத்த நடையில்தான் போனாள். மகள் அவளை முந்தவில்லை.